ஓட்டை இல்லாமல் போன காற்று

காற்று விற்பவனை யாரும் முழுதாக நம்புவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டுகிறவன் அல்லவா.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு இறங்கும் வீதியில் டயர் ஒட்டும் கடை வைத்திருக்கிறேன். எனக்கு அநியாயம் செய்தவர்களில் முதல் ஆள் கனகசிங்கம். பெயரை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இடையில் மனம் இளகி விட்டுவிடக் கூடாது. கடைக்கு எதிரே வாடகைக்கு ஓடும் ஹயர் கார்கள் நிற்கும் ஸ்டாண்டில் அவருடைய பழைய வெள்ளைக் காரும் நிற்கும். நெடுங்காலமாக என்னிடமே காற்றடித்தவர். என் மகளின் கலியாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றி வந்ததும் அந்தக் கார்தான்.

உங்களுக்கும் நடந்திருக்கும். காலையில் அவசரமாக வெளிக்கிட்டு வந்தால் டயர் சப்பளிந்து கிடக்கும். ஆணியைத் தேடுவதற்கு முன் ஆளைத்தான் தேடுவீர்கள். "இது ஆர்ட வேலை?" என்ற கேள்வியோடுதான் எல்லாரும் என் கடைக்கு வருகிறார்கள். பலர் அது என் வேலைதான் என்று வழியிலேயே முடிவெடுத்துவிட்டு வருகிறார்கள்.

புது வால்வு

சல்லிக் கடற்கரையில் கரைவலை இழுப்பு தொடங்கியிருந்த நேரம். கனகசிங்கம் காரைக் கொண்டுவந்து, பின் டயர் இரண்டிலும் வால்வு ரப்பர் வெடித்திருக்கிறது, மாற்றிவிடுங்கள் என்றார். மாற்றினேன். பெட்டியை அவர் கண்முன்னால் உடைத்துத்தான் புது வால்வு எடுத்தேன். சில நாளில் திரும்பி வந்தார். பின் டயர் இரண்டிலும் காற்றுக் குறைவு. அடித்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் அதே கதை. முன் டயர்களுக்கு ஒன்றுமில்லை.

அடுத்த முறை அவர் என்னிடம் வரவில்லை. ஸ்டாண்டில் வாங்குப் பலகையில் இருந்த மற்ற டிரைவர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, எனக்குக் கேட்கும்படி, "அண்ணை பழைய வால்வைக் கழட்டிப்போட்டு அதைவிடப் பழசைப் பூட்டியிருக்கிறார்" என்றார். சிரித்தார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். நிறுத்தவில்லை. ரோட்டைக் காட்டிக் கேட்டார்: "வால்வு மட்டுமே? இந்த இறக்கத்தில ஆணி ஆர் போடுறதெண்டு நினைக்கிறியள்?"

மாப்பேணி

அடுத்த நாளில் இருந்து ஸ்டாண்ட் கார்கள் என் கடையைத் தாண்டி, சந்தைப் பக்கம் புதிதாகத் திறந்த கடைக்குப் போயின. ஸ்டாண்ட் என்றால் என் பாதி வருமானம். அதைவிட, எதிரே இருந்து என்னைப் பார்க்கிற பார்வை.

நான் ஆணி போடுகிறவன் இல்லை, பொறுக்குகிறவன் என்று காட்ட நினைத்தேன். உடைந்த ஸ்பீக்கர் ஒன்றின் காந்தத்தைக் கழற்றிக் கயிற்றில் கட்டி, தினமும் காலையில் இறக்கம் முழுக்க இழுத்துக்கொண்டு நடந்தேன். எங்கள் ஊரில் மாடுபோல ரோட்டோரம் படுத்திருக்கும் மான்கள்கூட எழும்பி விலகி நின்று பார்த்தன. ஆணி, திருகாணி, கம்பித் துண்டு என்று நிறையச் சேர்ந்தது. துறைமுகத்துக்குப் போகும் லொறிகளில் இருந்து விழுவதுதான் எல்லாம். அதைப் பால்மா வந்த ஒரு தகர மாப்பேணியில் போட்டு, எல்லாரும் பார்க்கட்டும் என்று கடை வாசலில் வைத்தேன்.

பேணி நிரம்ப நிரம்ப வருகிற ஆள் குறைந்தது. எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் கச்சான் கடலை வறுத்து விற்கும் பூமணி சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் கிட்ட வந்து மெல்லமாகச் சொன்னாள்: "அண்ணை, அந்தப் பேணியை உள்ளுக்கு வையுங்கோ. பாக்கிற சனம் அதை உங்கட கையிருப்பு எண்டெல்லோ நினைக்குது."

ஹாஜியாரின் எதிரி

அந்த நாட்களில் என்னைத் தேடி வந்த சிலரில் ஒருவர் கிண்ணியா ஹாஜியார். அங்கே இரும்புக்கடை வைத்திருக்கிறார். பாலம் தாண்டி வரும்போதே டயர் இறங்குகிறது, இந்த மாதத்தில் எத்தனையாவது தரமோ தெரியாது என்றார். யார் செய்கிறார்கள் என்பது மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரியும். எதிர்க்கடைக்காரன். தனக்கு எதிராக அவன் கடை திறந்த நாளில் இருந்துதான் இந்தக் கரைச்சல்.

டயரைக் கழற்றிப் பார்த்தேன். தகரம் அடிக்கிற தொப்பி ஆணி. டிக்கியைத் திறக்கச் சொன்னேன். அதே ஆணி ஒரு சாக்கில் இருந்தது. சாக்கின் மூலை கிழிந்து, டிக்கித் தரையில் துருப்பிடித்த ஓட்டைக்கு நேரே கிடந்தது. தன் கடை வாசலில் காரைப் பின்னுக்கு எடுக்கும்போதெல்லாம் தன் ஆணியைத் தானே கொட்டி, அதன் மேல் தானே ஏறியிருக்கிறார். ஆணியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு நிமிர்ந்து சொன்னார்: "ஆணி என்ட கடை ஆணிதான், அண்ணன். ஆனா அவன்ட கண்ணு படாட்டி இது ஏன் சாக்க விட்டு வெளிய வருது?"

கந்தளாய்க்குப் போகாத கார்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு புருசனும் பெண்சாதியும் வந்தார்கள். முன் டயர் ஒன்று முழுதாக இறங்கியிருந்தது. டயரில் கொஞ்சம் காற்றடித்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிச் சுற்றினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. வால்வில் சவர்க்கார நுரை தடவினேன். அசையவில்லை. ஓட்டை இல்லை என்றேன். பெண்சாதிக்குப் பின்னால் நின்ற புருசன் என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். அப்போதுதான் எனக்கு லேசாக விளங்கியது.

"இதுக்கு முதலும் இறங்கினதோ, தங்கச்சி?" என்று கேட்டேன். கந்தளாயில் இருக்கும் தன் தாய் வீட்டுக்குப் போக வெளிக்கிடும் நாட்களில் மட்டும் இறங்கும் என்றார். புருசன் கடலின் பக்கம் திரும்பிக்கொண்டார். காற்றடித்து முடித்தேன். அந்தப் பெண்பிள்ளை காரில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி என்னிடம் சொன்னார்: "ஓட்டை டயரில இல்லை ஐயா. அது ஓட்டுறவர்ட மனசில இருக்கு. உங்களால ஒட்ட ஏலாது."

அவர்கள் போன பிறகு நான் வேலை செய்யாமல் கதிரையில் இருந்துவிட்டேன். ஆணி ஏறினால் ஒரு டயர் இறங்கும். ஆணியும் இல்லாமல், பின் டயர் இரண்டும் ஒன்றாக, ஒரே அளவுக்கு இறங்கினால்? அது கை. கனகசிங்கத்தின் காரில் யாரோ கை வைக்கிறார்கள். ஸ்டாண்டில் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லாருமே செய்திருக்கக் கூடியவர்கள்போல இருந்தார்கள்.

தொப்பிக்குள் மண்

ஒரு நாள் கனகசிங்கத்துக்கு என்னிடம் வராமல் தப்ப முடியவில்லை. கொழும்புக்கு ஹயர் கிடைத்திருந்தது, ஆட்கள் காரில் ஏறிவிட்டார்கள், பின் டயர்கள் தளர்ந்து கிடந்தன, சந்தைப் பக்கத்துக் கடை பூட்டியிருந்தது. முகத்தைக் கொடுக்காமல் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஸ்டாண்ட் முழுக்க எழும்பி வந்து சுற்றி நின்றது. நான் இரண்டு டயரையும் கழற்றி, எல்லாரும் பார்க்கத் தொட்டியில் அமுக்கினேன். தண்ணீர் கண்ணாடிபோலக் கிடந்தது.

"பாருங்கோ. என்ட வால்வால ஒரு குமிழி வருதோ?" என்றேன். வால்வுத் தொப்பியைக் கவிழ்த்துக் காட்டினேன். உள்ளே மண். ரோட்டுப் புழுதி இல்லை, வெள்ளைக் கடல் மண். இரண்டு தொப்பியிலும் இருந்தது. யாரோ கழற்றிக் கீழே வைத்து, காற்றை இறக்கிவிட்டுத் திரும்பப் பூட்டியிருக்கிறார்கள், உங்கள் காரை வேறு யாரும் எடுக்கிறார்களோ என்று கேட்டேன். சாவி தன் தலைமாட்டில்தான் இருக்கும் என்றார். பிழை தன் பக்கம் திரும்புவதை அவர் கண்டுகொண்டார். நான் டயர்களைப் பூட்டிக் காற்றடித்து முடித்ததும் கதவைத் திறந்து ஏறிக்கொண்டே சொன்னார்: "கடற்கரை ஊரில மண் இல்லாமச் சீனியே இருக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். இந்த முறை என்னைப் பார்த்து.

சல்லிக் கரை

சல்லியில் மீன் ஏற்ற வந்த லொறி ஒன்றுக்குக் கரையிலேயே டயர் வெடித்துவிட்டது, வரச் சொல்லிப் போன் வந்தது. விடியும்போதே மோட்டார் சைக்கிளில் சாமானைக் கட்டிக்கொண்டு போனேன். கோயிலைத் தாண்டி மண்ணில் இறங்கியதும் கண்டேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்த இடத்துக்குக் கிட்ட, பின்புறம் கடலைப் பார்த்தபடி, கனகசிங்கத்தின் வெள்ளைக் கார் நின்றது. பின் டயருக்குப் பக்கத்தில் ஒருவன் குந்தியிருந்தான். வால்வின் ஊசியைச் சாவி முனையால் அமுக்கிக் காற்றை இறக்கிக்கொண்டிருந்தான். கனகசிங்கத்தின் பெண்சாதியின் தம்பி, செல்வன்.

இந்தக் கரையில் இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த வேலை. டயர் இறுக்கமாக இருந்தால் கார் மண்ணில் புதையும். காற்றை இறக்கினால் டயர் அகன்று மண்ணில் மிதந்துபோகும். என்னைக் கண்டதும் சாவியை மறைத்தான். பிறகு எல்லாவற்றையும் கொட்டினான். லொறி எல்லாருடைய மீனையும் ஏற்றிப் பிந்தித்தான் சந்தைக்குப் போகும், அதற்குள் மீனின் விலை விழுந்துவிடும், காரில் கொண்டுபோனால் முதல் ஆளாகச் சந்தைக்குள் நிற்கலாம். அத்தான் காரில் மீன் ஏற்ற விடமாட்டார். அதனால் அவர் எழும்ப முன்னம் அக்கா தலைமாட்டில் இருந்து சாவியை எடுத்துத் தருவாள். தொழில் இல்லாமல் கிடந்த மாரிக் காலத்தில் பட்ட கடனுக்கு அவன் பெண்சாதியின் நகை அடைவுக் கடையில் அடகில் இருந்தது.

"நீ காத்தை இறக்கினனி. திருப்பி அடிக்கவேண்டாமோ?" என்று கத்தினேன். அவன் உண்மையாகவே யோசிக்காத ஒரு விசயத்தைக் கேட்டதுபோல என்னைப் பார்த்தான். "அத்தான் எப்பிடியும் உங்களிட்டத்தானே காத்தடிப்பார் எண்டு விட்டனான், அண்ணை."

டிக்கி

போனை எடுத்து ஒரு படம் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. அன்று மத்தியானமே கனகசிங்கத்தின் பெண்சாதி மலர், தம்பி சொல்லி அறிந்து, என் கடைக்கு வந்து, உள்ளே டயர்களுக்கு நடுவில் நின்று அழுதாள். "நகை மீளும்வரைக்கும் பொறுங்கோ அண்ணை. பிறகு நானே அவரிட்டச் சொல்லுறன்." நானாகச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் எதிரே அவர் என் பெயரை இழுத்துச் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடியிருந்தேன். உங்களில் யாராவது வாயில் பதிலை வைத்துக்கொண்டு ஏச்சு வாங்கியிருந்தால், அந்தக் கசப்பு உங்களுக்குத் தெரியும்.

கடைசியில் அதை உடைத்தவர் ஒரு பள்ளிக்கூட ரீச்சர். கலியாண வீட்டுக்குப் போகப் பட்டுச்சேலை உடுத்தி வந்தவர், பெட்டியை வைக்கக் கனகசிங்கத்தின் காரின் டிக்கியைத் தானே திறந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு, மேலதிக டயரின் இடுக்கில் இருந்து காய்ந்துபோன ஒரு சூடை மீனை வாலில் பிடித்துத் தூக்கினார். "தம்பி, இது கலியாணத்துக்குப் போற காரோ, சந்தைக்குப் போற காரோ?" ஸ்டாண்ட் ஓடிவந்து எட்டிப் பார்த்தது. டிக்கி முழுக்கச் செதிலும் வெள்ளை மண்ணும்.

கனகசிங்கம் மீனைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். கேட்டதற்குத்தான் சொன்னேன். "ஓம். சல்லிக் கரையில விடியக் கண்டனான். மிச்சத்தை வீட்டில கேளுங்கோ." எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நான் காத்திருந்தேன். ஆணியைப் பற்றிச் சொன்ன அதே இடம், சொன்ன அதே வாய், கேட்ட அதே ஆட்கள். "நான் சொன்னது பிழை" என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும். அவர் டிக்கியை அடித்துச் சாத்திவிட்டு, ஸ்டாண்டைப் பார்த்துச் சொன்னார்: "அப்ப இந்தாள் முதலே சொல்லியிருக்கலாம்தானே?"

ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள்.

இப்போது ஸ்டாண்ட் கார்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. ஆனாலும் கடை வாசலில் ஏற்ற முன்னம் டிரைவர் கண்ணாடியை இறக்கி நிலத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுகிறார். கனகசிங்கமும் வருகிறார். நகை மீண்டுவிட்டதாம். செல்வனுக்கு மீன் ஏற்ற அவரே சாவி கொடுக்கிறாராம், காற்றை மட்டும் திருப்பி அடிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. வெள்ளிக்கிழமை தவிர்த்து மற்ற நாட்களில் என் வீட்டுக் குசினிக்கு அவர்கள் வீட்டில் இருந்து மீன் வருகிறது. காற்றடிக்கும்போது என் பக்கம் பார்க்காமல், "பாரை நல்ல ருசியோ அண்ணை?" என்று கேட்பார்.

மீன் ருசிதான், ஆனால் ஸ்டாண்டுக்கு முன்னால் எனக்குத் தரவேண்டிய அந்த ஒரு சொல்லைக் கனகசிங்கம் இன்னும் தரவில்லை, நானும் அவர் டயருக்குக் காற்றை அளவுக்கு மேல் ஒரு சொட்டும் அடிப்பதில்லை.