மண்டோர் அப்பாசாமி காது கொடுத்த கதை

காஜா பெராங்கில் இருந்த ஒரு சோடாத் தொழிற்சாலையில் அப்பாசாமி மண்டோராக இருந்தார். வேலையாட்களை மேய்க்கும் பொறுப்பு. நல்ல மனிதர் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவரும் அவரேதான். "நம்மகிட்ட யாரும் பயமில்லாம வந்து பேசலாம்" என்று அடிக்கடி சொல்வார். வந்தவர் பேசுவதற்கு முன்பே பதிலையும் சொல்லி அனுப்பிவிடுவார்.

கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. எதிரில் நிற்பவர் வாயைத் திறந்ததுமே சொல்ல வருவது தமக்குப் புரிந்துவிடுகிறது என்று நம்பினார். "மண்டோரே, ஞாயித்துக்கிழம..." என்று ஒருவர் ஆரம்பித்தால், "ஓவர்டைமா? கெடயாது" என்பார். வந்தவர் தன் மகளின் காதுகுத்துக்கு அழைக்க வந்திருப்பார். அழைக்காமலே திரும்பிப் போவார். அப்புறம், விசேஷத்துக்குத் தம்மை யாரும் கூப்பிடுவதில்லையே என்று அப்பாசாமி மனைவி சாரதாம்பாளிடம் வருத்தப்படுவார். அவள் காரணம் சொல்ல வாயெடுப்பாள். "பொறாமை, வேற என்ன" என்று அவரே முடித்துவிடுவார்.

1956 பிறந்தபோது ஊரெல்லாம் மெர்டேக்கா பேச்சு. சுதந்திரம் வரப்போகிறது என்ற உற்சாகம் தொழிற்சாலை முதலாளியான சீனத் தவுக்கேயையும் தொற்றிக்கொண்டது. இனிச் சனிக்கிழமைதோறும் வேலை முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து மனம் விட்டுப் பேச வேண்டும் என்று உத்தரவு போட்டார். அப்பாசாமிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. முதல் கூட்டத்தில் மனம் விட்டுப் பேசினார். அவர் மட்டும். "ஏதாச்சும் குறை இருந்தாச் சொல்லுங்க" என்று அவர் முடிப்பதற்குள் டீ ஆறி, புக்கிட் ரம்பாய் பஸ்ஸைப் பிடிக்கப் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

"குறையே இல்ல, தவுக்கே" என்று போய்ச் சொன்னார். மனதார நம்பித்தான் சொன்னார்.

சோடாக்காரம் கலந்த தண்ணீரில் போத்தல் கழுவும் பூங்காவனம் மட்டும் அடுத்த வாரம் துணிந்தாள். "மண்டோரே, அந்தக் காரத் தண்ணில கை வச்சு வச்சு..."

"பழகிட்டாச் சரியாயிரும்மா. நான் வந்த புதுசுல என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று தொடங்கித் தம் இளமைக் காலம் முழுவதையும் சொன்னார். பூங்காவனம் தோல் உரிந்த கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு கேட்டாள்.

பிப்ரவரியில் பண்டா ஹிலிர் திடலில் பெருங்கூட்டம் என்று செய்தி வந்தது. சுதந்திரத் தேதியை அங்கேதான் அறிவிக்கப் போகிறார்கள். திடல் ஓரத்தில் ஆரஞ்சு சோடாவும் சர்சி சோடாவும் விற்கத் தவுக்கே இடம் பிடித்தார். சரக்கைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு அப்பாசாமிக்கு. முதல் நாள் சாயங்காலம் லோரி ஓட்டும் சுப்பையன் அவரைத் தேடி வந்தான்.

"அண்ணே, நாளைக்குக் காலையில ரோட்ட..."

"கூட்டமா இருக்கும், அதானே? தெரியும்லா. வெயில் நல்லா ஏறட்டும், அப்பத்தான் தாகம் எடுக்கும். ஒம்பது மணிக்கு மேல கெளம்பு."

"அதில்லண்ணே, ரோட்ட..."

"சொன்னாக் கேளு, சுப்பையா."

சுப்பையன் கேட்டான். மறுநாள் வெயில் ஏறியபின் கிளம்பினார்கள். திடலுக்குப் போகும் சாலையை அடைத்திருந்தார்கள். முன்னே போக வழியில்லை; பின்னால் வந்த கூட்டம் லோரியைச் சூழ்ந்துகொண்டதால் திரும்பவும் வழியில்லை. ஐஸ் உருகிப் பலகை வழியே ஒழுகியது. தூரத்தில் ஆயிரக்கணக்கான தொண்டைகள் "மெர்டேக்கா!" என்று முழங்கின. அத்தனை தொண்டைகளுக்கும் விடியற்காலையிலேயே வந்து கடை போட்ட வேறொருவர் சோடா ஊற்றிக்கொண்டிருந்தார். லோரியைக் கடந்து போனவர்கள் அப்பாசாமியைப் பார்த்தும் முஷ்டியை உயர்த்தி முழங்கினார்கள். பதிலுக்கு அவரும் ஈனசுரத்தில் "மெர்டேக்கா" என்றார். சுப்பையன் ஒரு சர்சியை உடைத்துக் குடித்தான்.

அன்று மாலை தவுக்கே இருவரையும் அறைக்குள் நிறுத்தி விசாரித்தார்.

"இவன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல, தவுக்கே!" என்றார் அப்பாசாமி.

"சொல்ல வந்தேன் தவுக்கே, நேத்து..."

"என்ன சொல்ல வந்தே? கூட்டமா இருக்கும்னு. அவ்வளவுதானே?"

"இல்லண்ணே, ரோட்ட..."

"அப்ப ஏன் சும்மா போனே?"

தவுக்கே மேசையில் ஓங்கித் தட்டி வாயை மூடச் சொன்னார். "டியாம்!"

அறை அடங்கியது. சுப்பையன், "ரோட்ட எட்டு மணிக்கே அடைச்சிருவாங்க, விடியுமுன்ன போயிரலாம்னு சொல்ல வந்தேன்" என்றான்.

இத்தனை வருஷத்தில் சுப்பையன் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை அப்பாசாமி கேட்டது அன்றுதான். அது எவ்வளவு சின்னது என்பதுதான் அவரைச் சுட்டது. தவுக்கே அதற்கு மேல் திட்டவில்லை. வரும் சனிக்கிழமைக் கூட்டத்தில் மண்டோர் வாய் திறக்கக் கூடாது, அவ்வளவுதான் என்றார்.

அப்பாசாமி யோசித்துப் பார்த்தார். தம் வாயின் மேல் அவருக்கே நம்பிக்கை இல்லை. ஆகவே சனிக்கிழமை கூட்டம் தொடங்கியதும் ஒரு சோடாவை உடைத்து, வாய் நிறைய ஊற்றி, விழுங்காமல் உட்கார்ந்துகொண்டார். உப்பிய கன்னத்தைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள். பூங்காவனம் எழுந்தாள்.

"காரத் தண்ணில தெனமும் நிக்கிறோம். வீட்டுக்குப் போனாச் சோத்தப் பெசைய முடியல. எரியுது. புள்ளைக்கு எண்ண தேச்சுவிட முடியல, இந்தத் தோலு பட்டாக் கீறுது. கைக்கு ரப்பர் உறை வேணும். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுக் கைகளை விரித்து நீட்டினாள்.

அப்பாசாமி சட்டென்று விழுங்கினார். காஸ் மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் முட்டியது. பூங்காவனத்தின் கையைப் பார்த்து மண்டோர் அழுதுவிட்டார் என்று தொழிற்சாலை முழுக்கப் பேச்சாயிற்று. அப்படித்தானா என்று பிற்பாடு அவருக்கே நிச்சயமில்லை. ஆனால் அன்றே தவுக்கேயிடம் போய் நின்றார். மறுவாரம் ஜாலான் பெண்டஹாராக் கடைகளில் தேடித் திரிந்து ரப்பர் உறைகளை அவரே வாங்கி வந்தார்.

முழுக்க மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. அடுத்த வருஷம் பெண்கள் பகுதிக்குப் பூங்காவனம் பொறுப்பானாள். பேச்சின் நடுவில் அப்பாசாமி புகுந்தால், "நான் இன்னும் முடிக்கலண்ணே" என்பாள். தும்மல் வந்து நின்றுபோன முகத்தோடு அவரும் நிறுத்திக்கொள்வார்.

நாடு சுதந்திரம் அடைந்த பிறகு குருபோங்கிலிருந்து புது ஆட்கள் சிலர் வேலைக்குச் சேர்ந்தார்கள். அப்பாசாமி அவர்களை வரிசையாக நிற்க வைத்து, மற்றவர் பேச்சைப் பொறுமையாகக் கேட்கும் பழக்கத்தை இந்தத் தொழிற்சாலையில் தாம் எப்படிக் கொண்டுவந்தார் என்று விளக்கத் தொடங்கினார். வெயில் காலிலிருந்து தலைக்கு ஏறும்வரை விளக்கினார். வரிசைக் கடைசியில் நின்ற ஒருவன் நெளிந்துகொண்டே இருந்ததைப் பூங்காவனம்தான் கவனித்தாள்.

"அண்ணே, அவரு என்னமோ கேக்கணுமாம்."

அப்பாசாமி பெருந்தன்மையோடு கையை நீட்டி, "தாராளமாக் கேளு தம்பி, பயப்படாத" என்றார்.

"மண்டோரே, கக்கூஸ் எங்க இருக்கு?"