ஒரே பாறையில் இரண்டு பல்லிகள்

பல்லிகளைப் பிடித்து, எது எந்த இனம் என்று பிரித்துச் சொல்வதுதான் என் வேலை. பெண் பார்க்க வந்தவர்களிடம் இதை விளக்க என் அப்பா பட்ட பாட்டை, இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இடதா, வலதா?

செகந்திராபாத் சைனிக்புரியில் ஒரு ரிட்டயர்ட் மேஜர் வீட்டுக்குப் பின்னால் யானை யானையாகப் பாறைகள். அவற்றில் பகலில் திரியும் சின்னப் பல்லிகள். எல்லாம் ஒரே இனம் என்பதுதான் எங்கள் ஆய்வகத்தில் எல்லோருடைய எண்ணமும். எனக்கு மட்டும் சந்தேகம். மேலே வெயில் காயும் ஆண்களுக்குத் தொண்டை மஞ்சள். அடியில் இடுக்கில் ஒட்டிக்கிடக்கும் ஆண்களுக்கோ வெள்ளை. "வெயில்ல நிறம் கூடும், அவ்வளவுதான்" என்று எங்கள் தலைவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். இரண்டு இனம் என்று நான் நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பாறையையே மறந்துவிட வேண்டும்.

ஒரு நாள் பாறையில் பாதி ஏறி இடுக்கில் கையை விட்டபோது, மேலிருந்து ஒரு மஞ்சள் தொண்டைக்காரர் என் தோளில் பொத்தென்று விழுந்தார். அசையாமல் நின்றேன், அள்ளிக்கொள்ளலாம் என்று. கீழே நின்றிருந்த மேஜருக்கு ஊர் வேலூர். எல்லையில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே காலம் தள்ளிய மனிதர், முகம் வெளுத்துக் கத்தினார். "இரும்மா! இடது தோளா, வலது தோளா? பலன் தெரியாம எறங்கிடாதே!"

ஊறுகாய்

பழைய சேகரிப்பில் ஆதாரம் இருக்கும் என்று அலமாரியைக் குடைந்தேன். பாட்டில் பாட்டிலாகச் சாராயத்தில் மிதக்கும் பல்லிகள். ஒன்றுக்காவது மஞ்சள் தொண்டை இருக்க வேண்டுமே! அத்தனையும் மண் நிறம். சாராயத்தில் போட்டால் நிறம் கரைந்துவிடும் என்பது எங்களுக்குப் பாலபாடம். ஆனாலும் காலம் காலமாக அந்தப் பாட்டில்களை வைத்துத்தான் "எல்லாம் ஒன்றே" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தோம்! கண் முன்னால் கிடந்த வித்தியாசத்தை நாங்களே கழுவி ஊற்றியிருக்கிறோம்.

என்னோடு வேலை செய்யும் ரோஸி, செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அந்த ஊர் உருதுவில் 'ஆமாம்' அவளுக்கு 'ஹவ்', 'வேண்டாம்' 'நக்கோ'. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "ஹவ் அக்கா, ஊறுகாய் ஜாடியைப் பாத்து மாங்கா கலர் சொல்றோம் நாம. இது நக்கோ, டி.என்.ஏ. பாருங்க!"

புது இனம் கிடைத்த நாள்

பல்லியின் வால் நுனியில் துளி எடுத்தால் போதும். வாலை விட்டுப் பழகிய ஜீவன், கோபித்துக்கொள்ளாமல் போய்விடும். மேலேயும் கீழேயுமாக வால் நுனி சேர்த்து, ஒரு சிலதை மட்டும் முதலில் பரிசோதித்தோம். ஒரே ஒரு குழாயில் வந்த முடிவு, மற்ற பல்லிகளோடு ஒட்டவே இல்லை. அப்படி ஒரு வித்தியாசத்தை நான் பார்த்ததே கிடையாது. ஆய்வகம் முழுக்க ஓடினேன். தலைவர் உட்பட எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன்.

ரோஸி மட்டும் லட்டை வாயில் போட்டுக்கொண்டு, அந்த முடிவை உலகத்து உயிர்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். மனித டி.என்.ஏ. அந்தக் குழாயைத் திறந்தபோது ஆர்வக்கோளாறில் நான் கையுறை போட மறந்திருக்கிறேன். தலைவர் பாதி லட்டை மேசையில் வைத்துவிட்டு, "இன்னும் ஒரே தடவைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் வீடு காஞ்சன்பாக்கில், கணவர் வேலை செய்யும் பாதுகாப்புத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸ். ரோஸி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "கங்கிராட்ஸ் அக்கா! இந்தப் பல்லி சைனிக்புரி இல்ல, காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸ்!"

சம்பந்தம்

இரண்டு கையுறைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, எல்லா வாலையும் முதலிலிருந்து செய்தேன். முடிவு வந்தபோது திரையைப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தால், வம்ச மரம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது! மஞ்சள் தொண்டை அத்தனையும் ஒரு கிளையில், வெள்ளைத் தொண்டை அத்தனையும் மறு கிளையில். நடுவில் கலப்பு ஒன்றுகூட இல்லை. முழ தூரத்தில் வாழ்ந்துகொண்டு, ஒன்றோடொன்று சேரவே இல்லை! வேறு வேறு இனம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ரோஸியைக் கட்டிக்கொண்டு கத்தினேன். தலைவர் திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எழுதுங்க, பெயரையும் யோசிங்க" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "ஒரே பாறையில குடியிருக்கும், ஒரே எறும்பைத் திங்கும், சம்பந்தம் மட்டும் பண்ணிக்கிடாதா? அப்போ அது நம்மூருப் பல்லிதான்லா!"

பல்லிகளாவது உண்மையிலேயே இரண்டு இனம். நம்மூரில் யார் கையுறை போடாமல் குழாயைத் தொட்டாலும் ரோஸிக்குக் கிடைப்பது ஒரே பதில்தான்: மனிதன்.