பிரதோஷத்தில் வாசித்த ஜாஸ்

நான் சாக்ஸபோன் வாசிக்கிறவள். என் வீட்டுக்காரர் தவில்காரர். பெரம்பலூர், அரியலூர் பக்கம் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் பத்து வருடம் சேர்ந்தே போனோம். என்ன குழம்பு வைப்பது என்பதிலிருந்து எந்த ராகம் வாசிப்பது என்பதுவரை அவர்தான் முடிவு செய்வார். எனக்கு உள்ளுக்குள் எரியும்.

கச்சேரிக்குப் போகிற பஸ்களில்தான் செல்போனில் ஜாஸ் கேட்க ஆரம்பித்தேன். சிலர் சாக்ஸபோனைப் பிரார்த்தனை மாதிரி வாசித்தார்கள். ஒரே சின்னத் துண்டைத் திரும்பத் திரும்ப ஊதி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றி, கடைசியில் கதறவிட்டார்கள். சாமியிடம் இப்படியும் பேசலாமே என்று தோன்றியது. வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அதெல்லாம் கிளப்புல ஆடறதுக்கு" என்றார், முகத்தைக்கூடத் திருப்பாமல்.

கீழப்பழுவூரில் ஒரு பிரதோஷம். ரிஷப வாகனம் பிரகாரம் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்றாவது சுற்றில் சண்முகப்ரியாவை எடுத்தேன். நாலே நாலு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கியே வாசித்தேன். அப்புறம் அந்த ராகத்தில் இல்லாத சுத்த மத்தியமத்தை வேண்டுமென்றே அழுத்தினேன். உடம்பு சிலிர்த்தது. தவில் நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். தவில் தட்ட விரல்களில் மாட்டியிருந்த கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏங்க நிறுத்திட்டீங்க?"

"இந்த ராகத்துல அந்த ஸ்வரம் இருக்கா?"

"தெரிஞ்சுதான் வாசிச்சேன்."

"அப்ப நீயே தனியா வாசி. சாமி முன்னாடி ஒன் கிளப்பு பாட்டுக்கெல்லாம் நான் தட்ட மாட்டேன்."

குருக்கள் தலைகுனிந்துகொண்டார். மீதிச் சுற்றைத் தவில் இல்லாமலே முடித்தேன். பக்தியில் வாசித்தேன் என்றுதான் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். அது பாதி உண்மை. அத்தனை பேர் பார்க்க அவரை என் பின்னால் வரவைக்க வேண்டும் என்கிற வெறியும் இருந்தது.

அரியலூர் பஸ்ஸில் அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் கடைசி சீட்டில். சிமெண்ட் லாரிகளின் தூசு ஜன்னல் வழியாக வந்து வாயெல்லாம் கரகரத்தது. இறங்கியதும் சொன்னார்:

"இனிமே வேற தவிலப் பாத்துக்க."

"பாத்துட்டேன்" என்றேன். அப்போது அது பொய்.

இப்போது நான் பெரம்பலூரில் ஒரு பேண்டு செட்டோடு போகிறேன். அவர் ஒரு நாதஸ்வரக்காரரோடு போகிறார். குடியிருப்பது ஒரே வீடுதான். நான் சாதகம் பண்ண உட்கார்ந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார். நானும் கதவைச் சாத்துவதில்லை.