யார் தோளுக்கு அளவு?

வெளியே ஜூலை வெயிலில் தார் இளகிக்கொண்டிருக்கிறது. கடைக்குள் ஓர் ஆள் கனத்த குளிர்காலக் கோட்டை மாட்டி, பொத்தான்களையெல்லாம் போட்டு, வலது முழங்கையை மடித்தபடி நிற்கிறார். வேர்வை நெற்றியிலிருந்து இறங்கி மூக்கு நுனியில் தொங்குகிறது. துடைக்கக் கையை எடுக்கப் போனவருக்கு, "ஆடாதய்யா!" என்று ஓர் அதட்டல் கிடைக்கிறது. ஆர்லீன் ராத்ராக் அளவு எடுத்துக்கொண்டிருக்கிறார்.

முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல் வரை எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு. துப்பாக்கியின் கட்டை, அதாவது தோளில் முட்டுக் கொடுக்கும் பாகம், அந்த அளவுக்கு இருக்க வேண்டும். வெறும் சட்டையோடு அளந்து போட்டால், டிசம்பரில் கோட்டோடு தூக்கும்போது அரை அங்குலம் நீண்டு அக்குளில் சிக்கும். இழுத்து நீட்டும் கட்டையாக இருந்தால், அது ஏறி இறங்கும் குழாயில் வரிசையாகப் பள்ளங்கள் இருக்கும்; ஒரு பள்ளம் உள்ளே தள்ளிக்கொள்ளலாம். ஆர்லீன் மாட்டித் தருவதோ நீளவும் நீளாது, குறுகவும் குறுகாது. அதற்காகவே சுவரில் பதினோரு கோட்டுகள் தொங்குகின்றன, எல்லாம் பழைய துணிக் கடையில் பொறுக்கியவை. "எனக்குக் குளிரே தெரியாது மேடம்" என்று வீரம் பேசுகிறவர்களுக்கு இருப்பதிலேயே கனமானது வந்து சேரும்.

கடை ஈஸ்டனில், பாலத்துக்கு நாலு எட்டு வைக்கிற தூரத்தில் இருக்கிறது. இந்தக் கரை பென்சில்வேனியா. டெலவேர் ஆற்றைத் தாண்டினால் நியூஜெர்சி. இங்கே யாரும் ஏனென்று கேட்காத அந்த இழுத்து நீட்டும் கட்டை அங்கே சட்டப்படி குற்றம், கையில் விலங்கு மாட்டிவிடும். வேலை மாறுகிறவர்கள், அந்தக் கரையில் பெண் எடுத்தவர்கள், வாடகை கட்டுப்படியாகாமல் போகிறவர்கள் என்று எல்லோரும் லாரி பிடிக்கும் முன் இவரிடம் வந்து கட்டையை மாற்றிக்கொண்டு போகிறார்கள். வருகிறவர்கள் முதலில் சட்டத்தைத் திட்டுவார்கள். ஆர்லீனுக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. "திட்டணும்னா பக்கத்துக் கடைல காபி வாங்கிக் குடிச்சுக்கிட்டே திட்டு. இங்க முழங்கைய மடக்கு."

வயது அறுபத்தொன்று. அகலமான தோள், அதைவிட அகலமான குரல். மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி. தேடுவது எப்போதும் மூன்றாவது கண்ணாடியை. எட்டு வருடம் ராணுவ ஆயுதக் கிடங்கில் இருந்தவர். யார் எந்தத் துப்பாக்கியைக் கொண்டுவந்தாலும், "காலியாத்தான் இருக்கு" என்று அவர்கள் சத்தியம் செய்தாலும், சுண்டுவிரலைத் தோட்டா இருக்கும் இடத்துக்குள் விட்டுத் துழாவிப் பார்ப்பார். தானே பார்த்துவிட்டு வைத்ததைத் திரும்ப எடுக்கும்போதும் துழாவுவார். "கண்ணு அவசரப்படும். விரலுக்கு என்ன அவசரம்?"

மேசைக்கடியில் ஒரு தகர டப்பா நிறைய கெட்டி முறுக்கு மாதிரியான பிரெட்சல். அதைத் தின்னும் விதமே தனி. குப்பைக்கூடை மேல் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் உப்புக் கல் ஒவ்வொன்றையும் நெம்பித் தள்ளிவிட்டுத்தான் வாயில் போடுவார். உப்பு பட்ட விரலால் இரும்பைத் தொட்டால் துரு வந்துவிடுமாம். "அப்போ உப்பில்லாததே வாங்கலாமே?" என்று ஒருவர் கேட்டாராம். "அதுல ருசி இருக்காதே" என்றாராம் ஆர்லீன்.

வேலை பெரிய வேலையில்லை. இழுத்து நீட்டும் கட்டையை உருவி எடுத்து, அது ஏறி இறங்கிய குட்டைக் குழாயைக் கழற்றி, நீளக் குழாயும் புது ஸ்பிரிங்கும் வைத்து, மேலே அசையாத கட்டையைச் செருகிப் பின்புறம் ஒரே ஒரு திருகு போட வேண்டும். வில்லங்கம் நடுவில் வருகிறது. குழாயைத் திருகிக் கழற்றும்போது உள்ளே ஒளிந்திருக்கும் கடுகத்தனை இரும்பு முளை ஒன்று விடுதலை கிடைத்ததென்று துள்ளி ஓடும். ஆர்லீன் அதன்மேல் பாத்திரம் துடைக்கும் மஞ்சள் துண்டைப் போட்டுப் பிடிப்பார். துண்டு சலவைக்குப் போயிருந்த ஒரு நாள், முளை ஒரு பாதிரியாரின் காபிக்குள் போய் விழுந்துவிட்டது. ஆர்லீன் காந்தத்தைக் கோப்பைக்குள் விட்டு எடுத்து, துடைத்து, வேலையைத் தொடர்ந்தார்.

அலமாரியில் அசையாத கட்டை இரண்டு வகை. நெட்டை ஒன்று, குட்டை ஒன்று. வித்தியாசம் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவுதானே என்று நினைத்து, மச்சினனுக்காகவும் பெண்டாட்டிக்காகவும் அளவைத் தாளில் எழுதிக்கொண்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். "சுடப்போற தோள் நேர்ல வரணும்."

போன வியாழக்கிழமை இரண்டு தோள்கள் நேரில் வந்தன. வெண்டல் ஃபிரேபிளும் அவர் மனைவி ரொவீனாவும். வெண்டல் சிமெண்ட் ஆலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஆறேகால் அடி. ரொவீனா பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் சமைத்தவர், கணவரின் நெஞ்சு உயரம். இருபத்தாறு வருடமாக இருவருக்கும் ஒரே துப்பாக்கி. ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி சுடும் கிளப்பில் வெண்டல் சுட்டு முடித்துக் கொடுப்பார். ரொவீனா கட்டையை நாலு பள்ளம் உள்ளே தள்ளுவார். அந்த நாலு 'டிக்' கேட்டால், அடுத்து யார் சுடப்போவது என்று கண்ணை மூடிக்கொண்டே கிளப்பில் சொல்லிவிடுவார்கள். ஆர்லீனும் அதே கிளப்தான்.

"வா கிழவா. இன்னும் போய்ச் சேரலையா?"

"நீ முன்னாடி போ ஆர்லீன். எனக்கு நல்ல எடமாப் பாத்துத் துண்டு போட்டு வை."

சனிக்கிழமை வீடு மாறுகிறார்கள். அக்கரையில் ஃபிலிப்ஸ்பர்க்கில், மகள் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு. ஆர்லீன் நெட்டையையும் குட்டையையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ரெண்டு பேருக்கும் பொதுவா வைக்க முடியாது. யாருக்கு?"

"இது என்ன கேள்வி? எனக்குத்தான்" என்றார் வெண்டல்.

"வெண்டலுக்கே போட்டுடு" என்றார் ரொவீனா. வார்த்தை கொஞ்சம் வேகமாக வந்தது.

வெண்டல் வலது கையைப் பேண்ட் பையிலிருந்து எடுக்கவே இல்லை என்பதை ஆர்லீன் அவர்கள் உள்ளே வரும்போதே பார்த்துவிட்டார். வசந்தகாலத்திலிருந்து அந்தக் கை நடுங்குகிறது. கிளப்பில் எல்லோரும் மதிப்பெண் தாளைப் பலகையில் குத்துவார்கள். வெண்டல் இரண்டு மாதமாகத் தன் தாளை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போகிறார். நெட்டையைப் போட்டால், பனி விழுவதற்குள் அவர் கையும் தூக்காது, ரொவீனாவின் தோளுக்கும் சேராது; துப்பாக்கி கீழ்த்தளத்துச் சுவரில் ஆணியில் தொங்கும். குட்டையைப் போட்டால், வெண்டலுக்கு இன்றோடு முடிந்தது. எதையும் முகத்துக்கு நேரே போட்டு உடைக்கிற ஆர்லீனுக்கு அன்றைக்கு நாக்கு எழவில்லை. அதனால் ஒரு பொய் சொன்னார்.

"யாரானாலும் காசு வெச்சுப் பாக்காம நான் கட்டை போடறதில்ல. கடை வழக்கம்."

அந்தக் கடையில் அப்படியொரு வழக்கம் கிடையாது. அந்த நிமிடம்தான் பிறந்தது.

சுண்டுவிரலை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைக் கொடுத்தார். வெண்டல் கோட்டைப் போட்டுக்கொண்டு, கட்டையைக் கடைசிப் பள்ளம் வரை இழுத்துத் தோளில் வைத்தார். துப்பாக்கிக் குழலின் முனையில் ஆர்லீன் ஒரு கால் டாலர் காசை வைத்தார். காசு விழாமல் விசையை அழுத்த வேண்டும். விசை வரைக்கும் விரல் போகவில்லை, அதற்குள் காசு விழுந்தது.

"உன் கடைத் தரை கோணல்" என்றார் வெண்டல்.

"இருபது வருஷமா இப்படித்தான் இருக்கு தரை."

இரண்டாவது தடவையும் விழுந்தது. மூன்றாவது தடவை உருண்டு அலமாரிக்கடியில் போனது. ரொவீனா முட்டி போட்டுத் துழாவி எடுத்துக்கொண்டே, "ஏசி காத்துதான். நேரா இந்தப் பக்கம் அடிக்குது" என்றார்.

"ஏசி மே மாசத்துலேருந்து ஓடல ரொவீனா."

வெண்டல் சிரித்துவிட்டார். துப்பாக்கியை இறக்கி, தன் கையாலேயே கட்டையை உள்ளே தள்ளினார். டிக், டிக், டிக், டிக். மனைவியிடம் நீட்டினார். "பிடி."

ரொவீனா மாட்டேன் என்று தலையாட்டினார். வெண்டல் நீட்டிய கையை மடக்கவில்லை. அந்தக் கை ஆடுகிறது, துப்பாக்கியும் சேர்ந்து ஆடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் ரொவீனா வாங்கிக்கொண்டார். சின்னதாக ஒரு கோட்டை எடுத்து ஆர்லீன் மாட்டிவிட்டார். காசு வைத்தார். விசை 'க்ளிக்' என்றது. காசு வைத்த இடத்திலேயே இருந்தது.

"ஏதோ குருட்டாம்போக்குல நின்னுடுச்சு" என்றார் ரொவீனா அவசரமாக.

"சின்னதப் போடு ஆர்லீன்" என்றார் வெண்டல்.

"வேண்டாம் வெண்டல். இன்னும் ஒரு வருஷம் உன்னால..." என்று இழுத்தார் ரொவீனா.

"ஒரு வருஷமா? போன ஞாயித்துக்கிழம பக்கத்துல சுடறவன் குறிக் காகிதத்துல ஓட்டை போட்டேன். நடு வட்டத்துல. அவனோ, தானே சுட்டதுன்னு நெனச்சு ஒரே சந்தோஷம். நானும் முதுகுல தட்டிக் குடுத்தேன்." வெண்டல் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். இரண்டு தடவை தவறி, மூன்றாவதில் மாட்டியது. "எனக்குத் தெரியாமலா இருக்கும்? நீங்க ரெண்டு பேரும் என்னமா நடிச்சீங்க. இவ்வளவு கஷ்டப்பட்டு நடிக்கிறாங்களே, கெடுப்பானேன்னு நானும் சும்மா இருந்தேன்."

ரொவீனா சின்னக் கோட்டின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஆர்லீன் துப்பாக்கியை மேசையோரத்து வைஸ் இடுக்கியில் இறுக்கி வேலையை ஆரம்பித்துவிட்டார்.

பழைய கட்டை உருவிக்கொண்டு வந்தது. குழாயின் ஆறு பள்ளங்களில் இரண்டு மட்டும் தேய்ந்து பளபளவென்றிருந்தன. மஞ்சள் துண்டைப் போட்டு முளையைப் பிடித்தார். நீளக் குழாய், ஸ்பிரிங், குட்டைக் கட்டை. அந்தக் கரையில் யாரும் குறை சொல்லாதபடி குழல் முனையிலும் ஒரு சில்லறை வேலை இருந்தது, அதையும் முடித்தார். கடைசியாகப் பின்புறத் திருகு பாக்கி. அதன் மரையில் ஒரு சொட்டுப் பசை விட்டார். இறுகிவிட்டால் அப்புறம் லேசில் கழற்ற முடியாது. திருகைத் துளையில் நிறுத்தினார். பிறகு வைஸை வெண்டல் பக்கமாகத் திருப்பி, திருப்புளியின் பிடியை அவரிடம் நீட்டினார்.

"எனக்கு முதுகு வலிக்குது. நீ முடுக்கு. பசை காயறதுக்குப் பத்து நிமிஷம் இருக்கு, அவசரம் இல்ல."

வெண்டல் பையிலிருந்து கையை எடுத்தார். திருப்புளி, திருகின் தலையிலிருந்த காடியில் விழாமல் வழுக்கிக் கட்டையில் ஒரு கீறல் போட்டது. மறுபடி வைத்தார், மறுபடி வழுக்கியது. ரொவீனாவின் கை தானாக முன்னே போனது. ஆர்லீன் அந்த மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். மூன்றாவது தடவை திருப்புளி காடியில் உட்கார்ந்தது. வெண்டல் இடது கையால் வலது கையை அமுக்கிக்கொண்டு கால் சுற்று திருப்பினார். நின்றார். மூச்சு வாங்கினார். இன்னொரு கால் சுற்று.

வாசலில் நீளப் பெட்டியோடு ஒருவர் வந்து கண்ணாடிக் கதவைத் தள்ளினார். ஆர்லீன் விறுவிறுவென்று போய்த் தன் அகல முதுகைக் கதவில் சாய்த்து நின்றுகொண்டார். "மேடம், கடை திறந்திருக்கா இல்லையா?" என்று வெளியேயிருந்து தட்டினார் அவர். ஆர்லீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கையைப் பின்னால் விட்டுத் தடவித் தாழ்ப்பாளைப் போட்டார்.