அப்பா ருசி பார்த்த சோறு

ஒரு நாள் காலையில் என் கண்ணிமைகள் வீங்கியிருந்தன. சென்னையில் அச்சாபீஸ் வேலை. மெஸ் சாப்பாட்டின் தலையில் பழியைப் போட்டேன். மாலைக்குள் செருப்பு காலில் ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் நெஃப்ரைட்டிஸ் (சிறுநீரக அழற்சி) என்றார்கள். உப்பு ஆகவே ஆகாது, ஊருக்குப் போய்ப் படுத்திரு என்றார்கள்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். மெஸ்ஸின் தண்ணிச் சாம்பாரில் அப்பாவின் கைமணத்தைத் தேடித் தேடி அலுத்திருந்தேன். அப்பா திருத்தணி மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைப்பவர். நான் ஊர் போய்ச் சேர்ந்ததும், பையனுக்கு நானே ஆக்குகிறேன் என்று வீட்டு அடுப்படியிலிருந்து அம்மாவை விரட்டினார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே, நீங்கள் ஆக்கினால் மட்டும் என்னவாம் என்று அம்மா சீண்டினாள்.

ஆனால் சோறு ருசித்தது. அப்பா கை பட்டால் உப்பில்லாமலும் ருசிக்கும் என்று நம்பினேன். ஏங்கிக் கிடந்த நாக்கு எதைத்தான் நம்பாது?

வீக்கம் வடியவில்லை, ஏறியது. உள்ளூர் டாக்டர் கணுக்காலை விரலால் அழுத்தினார். குழி அப்படியே நின்றது. இப்படியே போனால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லிவிட்டு, அப்பா பக்கம் திரும்பினார்.

"வீட்ல யாரோ உப்பு போட்டுகினுதான் இருக்காங்க, சாமி."

அப்பா முருகன்மேல் சத்தியம் செய்தார். மறுநாள் அம்மாதான் பார்த்தாள். பேச்சோடு பேச்சாக அவர் கை உப்புச் சாடிக்குள் போய் வந்தது. அவருக்கே தெரியவில்லை. சுவாமிக்குப் படைக்குமுன் நாக்கில் பட்டால் எச்சில். மடைப்பள்ளியில் யாரும் ருசி பார்ப்பதில்லை. அளவெல்லாம் கைக்குத்தான் தெரியும். வீட்டிலும் பூஜை மாடத்தில் படைத்த பிறகுதான் சாப்பாடு, அதே வழக்கம். அன்று அப்பா சாப்பிடாமல், அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து அழுதார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அடுத்த நாள் சோற்றைப் பூஜை மாடத்துக்குக் கொண்டுபோகாமல் நேரே என்னிடம் வந்தார். ஒரு வாய் எடுத்துத் தானே மென்று பார்த்தார்.

"சுவாமிக்கே நாக்குல வெச்சுப் பார்த்து ஆக்கினதில்லடா. உனக்குப் பார்த்துட்டேன். உப்பில்லை, சாப்பிடு."

சப்பென்று இருந்தது. வழித்துத் தின்றேன்.

உப்பை விலக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சமைப்பவர் மனசை நம்புங்கள், கையை நம்பாதீர்கள்.

வீக்கம் மெல்ல வடிந்தது. டாக்டர் சொல்லி உப்பும் சாப்பாட்டுக்குத் திரும்ப வந்தது. இப்போது மறுபடி சென்னை, மறுபடி மெஸ். எழுந்ததும் கணுக்காலை அழுத்திப் பார்ப்பேன். குழி நிறைந்த பிறகுதான் எனக்குப் பொழுது விடியும். சாப்பிட உட்கார்ந்தால் முதல் கவளத்தோடு கை கொஞ்சம் நிற்கும். எனக்கு முன்னால் ருசி பார்க்க அப்பா பக்கத்தில் இல்லை.