சீதன வீட்டைப் பற்றி விசாரிக்கப் போனேன்

சமூகவியல் ஆய்வு என்றால் வேறொன்றுமில்லை, அடுத்தவர் வீட்டுக்குள் போய் அவங்க தாற தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு, கேட்கக்கூடாததையெல்லாம் மரியாதையாகக் கேட்கிற தொழில். இதில் மாட்டிக்கொண்டவங்களுக்கு என்ட பாடு விளங்கும்.

வந்தது வட்டிலப்பம்

என் தலைப்பு சீதன வீடு. எங்கட பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வீட்டை மகள்ட பேருக்கு எழுதணும். கல்முனையில் பஸ் ஏறி, அட்டாளைச்சேனையில் பரீதா சாச்சி வீட்டுக்குப் போனேன்; சொந்தமில்லை, மரியாதைக்குத்தான் சாச்சி. "வீடு எப்ப கட்டினது? எத்தனை பொம்பிளைப் பிள்ளைகள்? வீட்டு உறுதிப் பத்திரம் யார்ட பேரில?" என்று, வந்த காரணத்தைச் சொல்ல மறந்து, வரிசையாகக் கேட்டேன்.

கேட்கக் கேட்க சாச்சிட முகம் மலர்ந்தது. விருந்தாளிக்கு வைக்கிற இனிப்பு வட்டிலப்பம் வந்தது. மகள் றிஸ்னா புது உடுப்பு மாத்திக்கொண்டு தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். யா அல்லாஹ்! இதெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் கேட்கிற கேள்வியாச்சே! நான் படிப்புக்காக வந்தவள் என்று சொன்னதும் சாச்சி றிஸ்னாவை உள்ளுக்கு அனுப்பிட்டா. பாவமாப் போச்சு. பிறகு பீங்கானை என் பக்கம் தள்ளினா.

"வெட்டினது வெட்டினதுதானே, தின்னுங்க மகள். உங்களுக்குக் கலியாண வயசில நானா, தம்பி யாரும் இரிக்காங்களா?"

குசினி

போகப் போகப் பழகிட்டோம். ஒருநாள் மீன் வெட்டிக்கொண்டே சாச்சி உள்ளதைச் சொன்னா. கணவர் மவுத்தாகி, தனி ஆளாக நின்ற பிறகு, இருந்த நகையை வித்துத்தான் வீட்டை முடிச்சிருக்கா. மகளுக்குக் கலியாணம் முடிஞ்சா, தனக்கு இருக்கவும் படுக்கவும் சமைக்கிற பின்பக்கக் குசினிதான். வீட்டுக்கு வந்து அழுதழுது அதை ஒரு பந்தியாக எழுதினேன். ஆய்வை மேற்பார்க்கிற, லேசில் யாரையும் புகழாத எங்கட சேர் வாசிச்சிட்டுச் சொன்னார்:

"இந்தப் பந்தியிலதான் பிள்ளை, உங்கட ஆய்வுக்கு உயிர் இரிக்கு."

வெள்ளிக்கிழமை

எழுதினதைச் சொன்னவருக்கே வாசிச்சுக் காட்டுறது முறை. பேரை மாத்தித்தான் எழுதியிருந்தேன். ஆனாலும் அந்தப் பந்தியை வாசிச்சதும் சாச்சி, வேணாமென்று என் கையைப் பிடிச்சுக்கொண்டா. இந்த ஊரில் அந்தக் குசினியை யாருக்குத்தான் தெரியாது? வெள்ளிக்கிழமை உண்மையாகவே மாப்பிள்ளை வீட்டார் வர இருந்தாங்க. 'பொம்பிளைட உம்மாக்கு இருக்க இடமில்லை, நாளைக்கு எங்கட மகன்ட தலையில விழும்' என்று அவங்க நினைச்சா, றிஸ்னாட சம்பந்தம் போயிடும். அவ கண் முன்னாலேயே பந்தியை அழிச்சேன். மனசேயில்லை, பொய் சொல்ல மாட்டேன். அடுத்த முறை வாசிக்கும்போது சேர் சரியாக அந்தப் பக்கத்தில்தான் நின்றார்.

"என்ன பிள்ளை, இந்த இடம் வெறிச்சோடிக் கிடக்கு?"

கலியாணம்

ஆய்வேட்டை ஒப்படைச்ச கையோடு றிஸ்னாட கலியாணத்துக்குப் போனேன். சாச்சி சனத்துக்குள்ளால என்னைத் தேடி வந்து, காதுக்குள்ள சொன்னா:

"இனி எழுதுங்க மகள், மாப்பிள்ளை உள்ளுக்கு வந்திட்டார்!"

ஆய்வேட்டைக் கட்டிக் கொடுத்த பிறகுதான் எழுத அனுமதி கிடைக்கும் என்பதை எங்களுக்கு எந்த வகுப்பிலும் படிப்பிக்கவில்லை.