‘போதிய பணம் இல்லை’ என்று நான் போட்ட கையெழுத்து

ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது, எங்கள் வங்கியின் மும்பை தாராவிக் கிளையில் செக் பாஸ் செய்யும் அதிகாரியாக இருந்தேன். ஒரு நாள் வேறு வங்கி வழியாகக் கிளியரிங்கில் வந்த செக் ஒன்று பாஸ் ஆகாமல் நின்றது. அங்குள்ள தமிழ்ப் பள்ளியின் தலைமை ஆசிரியை செல்வமணி டீச்சர், பத்தாம் வகுப்புத் தேர்வுக் கட்டணத்துக்காகத் தேர்வு வாரியத்துக்குக் கொடுத்த செக். கணக்கில் பணம் இல்லை. முந்தின வாரம்தான் பெற்றோர்கள் கவுண்டரில் வரிசையில் நின்று கட்டியிருந்தார்கள்.

மேனேஜரிடம் போய்க் கேட்டேன்.

“பள்ளி டிரஸ்டோட பில்டிங் லோன் தவணை கட்டலை, ஓவர்டியூ மேடம். அதுக்கு எடுத்துண்டேன்.”

“சார், அது தேர்வுக் கட்டணத்துக்கு மட்டும்னு ஆரம்பிச்ச தனிக் கணக்கு. லெட்டர் வாங்கிண்டு நாமதானே சீல் போட்டுக் கொடுத்தோம்?”

“டிரஸ்ட் பேர்லதானே இருக்கு? குவார்ட்டர் எண்ட் வர்றது, லோன் பாக்கி நிக்கப்படாது. ரிட்டர்ன் போடுங்கோ.”

போட்டேன். செக்கோடு திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் மெமோவில் ‘போதிய பணம் இல்லை’ என்ற காரணத்துக்குக் கீழே கையெழுத்தும் போட்டேன். எதிர்த்துப் பேசியிருக்க வேண்டும். பென்ஷனை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, தேர்வு வாரியம் திருப்பிக் கொடுத்த அந்த மெமோவோடு டீச்சர் வந்தார்.

“என்ன மேடம், துட்டு இல்லன்னு எழுதியிருக்கிய? வீட்டு வேலை பாக்குற தாய்மாரு குடுத்த துட்டு அது. நாந்தான் தின்னுட்டேன்னு நெனைக்க மாட்டாவளா? நாளைக்குக் கடைசித் தேதி!”

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சீல் போட்ட லெட்டரை ஃபைலிலிருந்து எடுத்து முழுதும் படித்துவிட்டு, அதோடு மேனேஜர் கேபினுக்குள் போனேன்.

“நீங்க பேங்க் பக்கமா, கஸ்டமர் பக்கமா?” என்றார்.

“எதுக்குன்னு தெரிஞ்சுதானே சார் வாங்கினோம்? வாங்கறச்சே சரின்னுட்டு, செக் வர்றச்சே இல்லேன்னா என்ன அர்த்தம்?”

அவர் வேறு ஃபைலைப் பிரித்துக்கொண்டார். அந்த லெட்டரை ஸ்கேன் செய்து, நான் கையெழுத்திட்ட காரணம் பொய் என்றும் எழுதி, மண்டல அலுவலகத்துக்கு நானே மெயில் அனுப்பினேன். மத்தியானம் அங்கிருந்து போன் வந்தது. பணம் பழையபடி கணக்குக்குத் திரும்பியது. டீச்சர் டிமாண்ட் டிராஃப்ட் எடுத்துக்கொண்டு டாக்ஸி பிடித்து ஓடினார். எல்லாப் பிள்ளைகளும் பரீட்சை எழுதினார்கள்.

ஆனால் டீச்சர் பணத்தைத் தின்றுவிட்டார் என்று ஊரில் கிளம்பிய பேச்சு நிற்கவில்லை. பெற்றோர்களிடம் காட்ட வங்கியிடம் ஒரு கடிதம் கேட்டார் டீச்சர். “பணம்தான் வந்தாச்சே, லெட்டர் எதுக்கு?” என்றார் மேனேஜர். மண்டல அலுவலகம், பணத்தை லோனுக்கு எடுத்ததை ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்றது. ஒரு மனிதர் யோசித்துச் செய்த காரியத்துக்கு அப்படி ஒரு பெயர்! இன்றைக்கு நினைத்தாலும் ஆறவில்லை.

வெள்ளைத்தாளில் நானே எழுதிக் கொடுத்தேன்: “கணக்கில் பணம் இருந்தது. எடுத்தது வங்கி. டீச்சர் மேல் எந்தத் தவறும் இல்லை.” கீழே என் பெயர், ஸ்டாஃப் நம்பர்.

அதற்காக என்னிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மேனேஜரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். இந்தக் காரியத்துக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டு வாங்கிய பணம் வங்கியுடையது அல்ல. அந்தக் காரியத்துக்காக வரும் செக்கைப் பாஸ் செய்வது நாம் காட்டும் தயவும் அல்ல, நம் கடமை. மேலே இருப்பவர் என்ன சொன்னாலும், பேனாவை எடுப்பதற்கு முன் அந்த லெட்டரை ஒரு தடவை படித்துவிடுங்கள். விஷயம் தெரிந்திருந்தும், நான் அதை எடுத்துப் படித்தது கையெழுத்துப் போட்ட பிறகுதான்.